இன்னும் நடக்கேல்லை

எங்கள் சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருந்த மனிதரைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் ஸ்ரூடியோ அண்ணை என்றே கூப்பிட்டோம். அவருக்கும் பெற்றோர் ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். சண்டிலிப்பாயில் அதைத் தெரிந்து வைத்திருந்த ஒருவரையும் நான் காணவில்லை. ஆள் மெலிவு, நடை வேகம், சட்டைப் பையில் எந்த நேரமும் ஒரு சீப்பு. சீப்பு அவருக்கானது அல்ல, அவருடைய தலையில் சீவுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. படத்தில் விழப்போகிறவர்களுக்கு அவர் கேட்டுக்கேள்வியில்லாமல் வந்து சீவிவிடுவார். ஒரு முறை கொடியேற்றத்தன்று ஐயரின் குடுமியை அவிழ்த்து வடிவாகக் கட்டிவிடப் போய்க் கோயில் வீதியில் பெரிய அமளி.

அந்த மனிதருக்கு ஒரு கொள்கை இருந்தது. கமராவில் விழாதது எதுவும் நடக்கவில்லை. இதை அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. நாங்கள் ‘மழை பெய்கிறது’ என்று சொல்வதுபோல அவர் அதைச் சொல்வார்.

என் மச்சாள் ஒருத்தியின் கலியாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டிய கணத்தில், பெண்ணின் மாமா ஒருவர் வாழ்த்தி அறுகரிசி போட எழும்பிக் கமராவுக்கு முன்னால் நின்றுவிட்டார். படத்தில் விழுந்தது மாமாவின் முதுகு மட்டும். ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். ஸ்ரூடியோ அண்ணை மணவறைக்கே ஏறிப்போனார்.

“ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. தாலி இன்னும் கட்டேல்லை.”

“கட்டியாச்சு, ஐசே. கெட்டிமேளம் கேக்கேல்லையோ?”

“மேளம் அடிச்சது. தாலி கட்டினது இன்னும் நடக்கேல்லை.”

கழுத்தில் ஏறிய தாலிக்கொடியைக் கழற்றக் கூடாது என்று பெண்கள் கத்த, அவர் கழற்றச் சொல்லவில்லை. மாப்பிள்ளை இரண்டு கையையும் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கொடி பூட்டுவதுபோல நிற்க வேண்டும். மேளகாரர் மறுபடி கெட்டிமேளம். சனம் மறுபடி அறுகரிசி. அப்போது பார்த்துப் பெண் தும்மிவிட்டாள். மூன்றாம் தரத்துக்கு அறுகரிசி முடிந்து போயிற்று. யாரோ உள்ளே ஓடிப்போய்ச் சமையலுக்கு அளந்து வைத்திருந்த அரிசியைச் சுளகோடு தூக்கி வந்து பங்கிட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்குக் கடைசிப் பந்தியில் இருந்தவர்களுக்குச் சோறு காணாமல் போனது. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். அரிசி மழைபோல விழ, மாப்பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு பக்தி. உண்மையில் அது கை விறைத்த நோவு.

ஸ்ரூடியோ அண்ணையின் சொந்த ஊர் வல்வெட்டித்துறை. அங்கேயும் அவரைக் கூப்பிடுவார்கள். ஒரு புதுப் படகைக் கடலில் இறக்கிய அன்று, தேங்காய் உடைத்து, தோள் கொடுத்து, பத்துப் பன்னிரண்டு பேர் ‘ஏலேலோ’ சொல்லித் தள்ளிப் படகு மிதந்த பிறகுதான் ஸ்ரூடியோ அண்ணை மூச்சிரைக்க வந்து சேர்ந்தாராம். பஸ் பிந்திவிட்டது. வந்தவர் படகை மறுபடி கரைக்கு இழுக்கச் சொன்னார். படகுக்காரரின் தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தாள்.

“தம்பி, முதல் போன போக்கிலை திரும்பி வாறது குறி சரியில்லையடா.”

“இன்னும் போகேல்லையே ஆச்சி. போகாதது எப்பிடித் திரும்பி வாறது?”

படகை இழுத்தார்கள். அது இன்றைக்கும் ஓடுகிறது, நல்லாய்த்தான் மீனும் படுகிறது என்று சொல்கிறார்கள். ஆனால் தள்ளியவர்களில் இரண்டு பேருக்கு இடுப்புப் பிடிப்பு வந்தது. அவர்கள் அதையும் படத்தைக் காட்டித்தான் சொல்வார்கள், இந்தா இதிலே நிற்கிறது நான்தான் என்று.

பாதிப்பில்லாத விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் நடந்ததைக் கேட்டால் சிரிப்புக் கொஞ்சம் குறையும். நூறு மீற்றர் ஓட்டத்தில் ஒருவன் வென்றான். கமரா அந்த நேரம் பிரதம விருந்தினருக்குச் சோடா கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றது. “இன்னும் நடக்கேல்லை” என்று பொடியங்களைத் திருப்பி ஓடவிட்டார். வென்றவன் களைத்திருந்தான், இரண்டாவதாக வந்தவன் இந்த முறை முந்தினான். கிண்ணம் ஒருவன் வீட்டில், படம் மற்றவன் வீட்டில். இரண்டு தாய்மாரும் கோயிலில் சந்தித்தால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். யார் வென்றது என்று கேட்டால் ஊர் படத்தில் உள்ளவனைத்தான் சொல்லும், அவன் முந்தினதைக் கண்ணால் பார்க்கலாம் அல்லவா.

இனி எங்கள் வீட்டுக் கதை. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் ஒரு பக்கம் சிரிப்பும் ஒரு பக்கம் எரிச்சலும் வரும்.

அப்பாவுக்கு ஒரு தமையன். என் பெரியப்பா. இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், புகையிலையும் வெங்காயமும், நடுவில் ஒரு பங்குக் கிணறு. தாத்தா செத்த பிறகு இறைப்புக்கு முறை வைத்தார்கள். ஒற்றைத் திகதி பெரியப்பாவுக்கு, இரட்டைத் திகதி அப்பாவுக்கு. இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்யும்போது இரண்டு பேரில் ஒருவராவது நாள்காட்டியைப் பார்த்திருக்கலாம். முதல் முப்பத்தொன்றாம் திகதி வந்தது, பெரியப்பா இறைத்தார். அடுத்த நாள் முதலாம் திகதி, அதுவும் ஒற்றை. பெரியப்பா மறுபடி இறைக்க வந்தபோது அப்பா தண்ணீர் இறைக்கிற மிசினை இயக்கிவிட்டிருந்தார். கோடை, புகையிலைக் கன்று வாடிக்கொண்டு நின்ற நேரம். வாய் தடித்தது, பிறகு கதை நின்றது. நான் பிறப்பதற்கு முன்னால் நின்ற கதை, நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் நின்றபடியேதான் இருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தபடி எல்லாம் கதைப்பார்கள்.

அக்காவுக்குக் கலியாணம் சரிவந்தபோதுதான் சிக்கல். மாப்பிள்ளையை வாசலில் எதிர்கொண்டு, கால் கழுவி உள்ளே கூட்டிவருவதற்குப் பெண்ணுக்குச் சகோதர முறையில் ஒரு தோழன் வேண்டும். நாங்கள் இரண்டும் பெண்கள். சகோதர முறைப் பொடியன்கள் எல்லாம் வெளிநாட்டில், இங்கே மிஞ்சியிருந்தது பெரியப்பாவின் மகன் ஒருவன். அப்பா வந்து கூப்பிட்டால் மகனை விடுவேன் என்றார் பெரியப்பா. முதலாம் திகதி யாருடைய முறை என்று சொல்லட்டும், போய்க் கூப்பிடுகிறேன் என்றார் அப்பா. அக்கா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். தோழன் இல்லாமல் மணவறைக்கு வரமாட்டேன், ஊர் சிரிக்கும் என்றாள். கனடாவிலிருந்து அத்தை, இந்த இரண்டு பேருக்கும் ஒரே தங்கச்சி, தினம் போன் எடுத்து அழுதாள்.

கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் ஊன்றிய அன்று, என்ன நினைத்தாரோ, அப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனார். அந்தப் பக்கம் பெரியப்பா கை கழுவிக்கொண்டு நின்றார். நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம்.

“அண்ணை, பிள்ளையின்ரை காரியம். வாங்கோ” என்றார் அப்பா.

பெரியப்பா வந்து அப்பாவின் இரண்டு தோளையும் பிடித்தார். இரண்டு கிழவர்களும் குழந்தைகள்போல விம்மினார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் அது ஒன்று, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கன்னிக்கால் சடங்கைப் படம் பிடிக்க வந்த ஸ்ரூடியோ அண்ணை அந்த நேரம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்து பயித்தம் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வாயைத் துடைத்தபடி வந்தார்.

“என்ன அக்கா நடந்தது?”

“இரண்டு பேரும் ராசியாகிவிட்டினம் தம்பி, கும்பிட்ட தெய்வம் கைவிடேல்லை” என்று அம்மா அழுதாள்.

அவர் கமராவைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

“அது இன்னும் நடக்கேல்லை அக்கா.”

நான் வேண்டாம் என்றேன். யாரும் கேட்கவில்லை. அக்காவின் அல்பத்தில் இப்படி ஒரு படம் இருந்தால் எவ்வளவு நல்லது என்று அம்மாவே சொன்னாள். ஸ்ரூடியோ அண்ணை அப்பாவை வாழை மரத்தடிக்கு அனுப்பினார். பெரியப்பாவின் தலையைச் சீவினார். முதல் தரம் இரண்டு பேரும் தடிகள் மாதிரி வந்து நின்றார்கள். இரண்டாம் தரம் வெயில் கண்ணில் பட்டதென்று இடம் மாற்றினார்.

“பெரியையா, நீங்கள் மிசினிலை கையை வைச்சுக்கொண்டு நில்லுங்கோ. சின்னையா நடந்து வரட்டும்.”

அப்பா நடந்து வந்தவர் பாதியில் நின்றார்.

“அவர் ஏன் மிசினிலை கை வைக்கவேணும்?”

“படத்துக்கு ஐயா.”

“படத்துக்கெண்டாலும், இண்டைக்கு யாற்றை முறை?”

பெரியப்பா மெதுவாகச் சொன்னார். “இண்டைக்கு முதலாம் திகதி.”

நல்ல நாள் பார்த்துக் கொடுத்த சாத்திரியாரை நான் அந்தக் கணத்தில் மனதுக்குள் திட்டினேன். முதல் நாள் முப்பத்தொன்று.

“நேற்றும் நீங்கள்தான் இறைச்சனீங்கள்.”

“ஒற்றை ஒற்றைதான்ரா. கணக்குப் படிக்காமல் வந்து கதைக்கிறாய்.”

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். அப்பா பாய்ந்து பெரியப்பாவின் கழுத்தடியில் கையைப் போட்டார். பெரியப்பா அப்பாவின் சால்வையைச் சுற்றிப் பிடித்தார். கிணற்றடியில் பாசி. இரண்டு பேருக்கும் கால் வழுக்கியது. நானும் அம்மாவும் அப்பாவின் முதுகுப் பக்கம் நின்றபடியால் எங்களுக்குத் தெரிந்தது ஆடுகிற இரண்டு தலைகள் மட்டும். ஒரு விநாடி அவர்கள் கிணற்றுக் கட்டில் சாய்ந்து தொங்கிய மாதிரி இருந்தது. பிறகு நிமிர்ந்தார்கள், கையை உதறினார்கள். பெரியப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, “என்ரை பொடியன் வரமாட்டான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஸ்ரூடியோ அண்ணை கமராவை இறக்கினார். முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் சொன்னார். “இப்ப நடந்திட்டுது.”

பின்னேரம் நான் அவருடைய ஸ்ரூடியோவுக்கே போய்ப் பேசினேன். நல்லாய் ஏசினேன். ஒட்டிய குடும்பத்தைப் பிரித்துவிட்டீர்கள், உங்களுக்குப் படம்தான் பெரிதா, என்ரை அக்காவுக்கு யார் பதில் சொல்லுறது என்று கேட்டேன். அவர் கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பினார்.

என்ன சொல்வது. பின்னால் வாழையிலைக்குள்ளால் வெயில். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு தமையனின் தோளில் முகம் புதைத்திருக்கிறார். அப்பாவின் கை பெரியப்பாவின் கழுத்தில். பெரியப்பா மேலே பார்க்கிறார், கண் நிறையத் தண்ணீர், சாமி கண்ட மனிதரின் முகம். உண்மையான கட்டிப்பிடிப்பு இதில் பாதிக்கும் வராது. எல்லாம் தெரிந்த நானே ஒரு கணம் அதை நம்பிவிட்டேன். அதுதான் எனக்குக் கூடுதல் கோபம்.

“இதை ஒருத்தருக்கும் காட்டாதையுங்கோ” என்றேன்.

“அத்தைக்கு அனுப்பியாச்சே பிள்ளை. மனிசி காலமை தொட்டு என்ன நடந்தது எண்டு கேட்டுக்கொண்டிருந்தவ.”

அடுத்த நாள் விடியும்போது படம் உலகம் சுற்றிவிட்டது. கனடா, லண்டன், பாரிஸ், சொந்தம், சொந்தத்தின் சொந்தம். எங்களுக்கே தெரியாத யாரோ ஜெர்மனியிலிருந்து ‘இரத்த பாசம்’ என்று எழுதியிருந்தார். அத்தை வீடியோவில் வந்து, “இனி எனக்கு நித்திரை வரும் அண்ணை” என்று அழுதபோது அப்பா போனைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினார். அதே நேரம் அங்கே பெரியப்பா வீட்டிலும் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். ஊர்ச்சனம் வேறு வழியில் மறித்துக் கையைப் பிடித்துப் பாராட்டியது. இல்லை, நாங்கள் அடிபட்டனாங்கள் என்று யாருக்குச் சொல்வது? படம் இருக்கிறதே.

கலியாணத்தன்று பெரியப்பாவின் மகன் பட்டு வேட்டியோடு வந்து தோழனாக நின்றான். அக்கா வயிறாரச் சாப்பிட்டாள். அப்பாவும் பெரியப்பாவும் கமரா வரும் பக்கமெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கமரா திரும்பியதும் ஆளுக்கொரு மூலை.

அத்தை அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் எடுத்து, இரண்டு அண்ணையையும் ஒன்றாய்ப் பார்க்க வேண்டும் என்று அடம். ஞாயிறு பின்னேரம் இரண்டு பேரும் கிணற்றடிக்கு வந்து, ஒரு முழ இடைவெளி விட்டு, என் போனுக்கு முன்னால் நிற்பார்கள். அத்தையோடு கதைப்பார்கள், தங்களுக்குள் கதைக்கமாட்டார்கள்.

“நாளைக்கு மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை எண்டு அவனுக்குச் சொல்லு” என்று பெரியப்பா கனடாவுக்குச் சொல்வார்.

“என்னட்டை ஒரு கான் கிடக்கு, எடுக்கச் சொல்லு” என்று அப்பா கனடாவுக்குச் சொல்வார்.

“பக்கத்திலை நிண்டுகொண்டு என்ன பகிடி விடுறியள்” என்று அத்தை விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்பாவின் இருமல், பெரியப்பாவின் முழங்கால், வெங்காய விலை எல்லாம் கடல் கடந்து போய் ஒரு முழத்துக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. ஒரு முறைகூட ஒருவர் மற்றவரைத் தொடவில்லை. இது சமாதானமா நாடகமா என்று நான் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். “ரெண்டும் சோறு தின்னுதுகள், கேள்வி கேளாதை” என்றாள்.

இப்படிச் சில வருடம் போன பிறகு, ஒரு காலையில் பெரியப்பா வெங்காயப் பாத்தியில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முன்னமே முடிந்துவிட்டது. அப்பா அழவில்லை. எல்லா வேலையையும் ஓடியோடிச் செய்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மரண அறிவித்தல் ஒட்டுவதற்குப் படம் தேவைப்பட்டது. பெரியப்பா படத்துக்கு நிற்கவே மாட்டார், நின்றாலும் கண்ணை மூடிவிடுவார், அக்காவின் கலியாணப் படங்களிலும் அப்படித்தான். அடையாள அட்டையில் இருப்பது வேறு யாரோ. நல்லதாய் இருந்தது கிணற்றடிப் படம் ஒன்றுதான். மத்தியானம் ஸ்ரூடியோ அண்ணை கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவைத் தனியே கூப்பிட்டார். நானும் போனேன். எங்கள் ஊரில் செத்தவர்களுக்குப் படத்தில் கோட்டுப் போடுவது வழக்கம். வாழ்நாளெல்லாம் புகையிலைக்கு இறைத்த பெரியப்பா கறுப்புக் கோட்டோடு திரையில் இருந்தார்.

“ஐயா, கோட்டுப் போட்டாச்சு. ஆனால் கழுத்திலை உங்கடை கை நிக்குது. அழிச்சுப்போட்டு கோட்டுக்கு ஏத்த ஒரு ரை கட்டி விடட்டோ?”

அப்பா திரைக்குக் கிட்டக் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார்.

“அதுக்குப் பிறகு நான் அண்ணையைத் தொடேல்லை” என்றார். பிறகு, “ஐசே, நீர்தான் முன்னுக்கு நிண்டனீர். எனக்குக் கண் மூடியிருந்தது, கோபத்திலை ஒண்டும் தெரியேல்லை. உண்மையைச் சொல்லும். நான் நெரிச்சனானோ, விழாமல் பிடிச்சனானோ?”

படத்தில் பிடித்திருக்கிறீர்கள் ஐயா, ஆகவே பிடித்தீர்கள் என்றுதான் இந்த மனிதர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அப்பாவைப் பார்க்காமல் மேசையின் விளிம்பைத் தடவினார்.

“நான் பாக்கேல்லை ஐயா.”

“கமரா உம்மடை கண்ணிலை தானே இருந்தது?”

“கண்ணை மூடிப்போட்டன். என்னாலை ரெண்டு பேரும் கிணத்துக்கை போகப்போறியள் எண்டு பயந்திட்டன். விரல் தன்ரை பாட்டிலை அமத்திப்போட்டுது.”

“அப்ப ஒருத்தரும் பாக்கேல்லை.”

“இல்லை ஐயா. ஒருத்தரும் பாக்கேல்லை.”

அப்பா எழும்பினார். “கை நிக்கட்டும். ரை வேண்டாம்” என்றார்.

அப்படியே அச்சடித்தார்கள். மதில்களிலும் மின்கம்பங்களிலும் பெரியப்பா கோட்டுப் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கழுத்தில் மண் போகாத நகங்களோடு ஒரு தோட்டக்காரக் கை. பெரியப்பா வீட்டு வாசல் கேற்றில் ஒட்டியிருந்ததற்குப் பக்கத்தில் அப்பா போய் நின்றார். உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை. வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் படத்தைப் பார்த்து, தயங்கி, உது யாற்றை கை என்று கேட்டார்கள்.

“என்ரை கை. அண்ணை விழப் பாத்தவர், பிடிச்சனான்” என்றார் அப்பா.

முதலாவதாகக் கேட்டவருக்குச் சொல்லும்போது அவருடைய குரல் தளம்பியது. இரண்டாவது ஆளுக்குச் சொல்லும்போது கொஞ்சம் குறைந்தது. பறை தொடங்கிப் பிரேதத்தை வெளியே எடுக்கும் நேரம் வந்து சேர்ந்தவர்களிடம் அவர் அதைச் சொன்னபோது அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற எனக்கும் இருக்கவில்லை.